லப்டொப்புக்கு ரேம் போட்டதிலிருந்து நீலத்திரை, மதர்போர்ட் போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா?

உப்புவெளிக்காரி (வெள்ளி, இரவு 9.40)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது தந்துவிட்டுப் போன பழைய லப்டொப். இன்டெல் ஐ5, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. திருகோணமலை, கோணேசபுரி கம்பஸில் இறுதி வருடம் படிக்கிறேன், ஆய்வறிக்கை ஒப்படைக்க இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. குரோமில் நாலு பக்கம் திறந்து பக்கத்தில் வேர்டையும் திறந்தால் மௌஸ்கூட நகராது. ரேம் கூட்டினால் சரிவரும் என்று எல்லோரும் சொன்னதால் போன கிழமை டவுனில் ஒரு கடையில் பாவித்த 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கி அங்கேயே பூட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து நீலத்திரை, விண்டோஸ் திடீரென்று நின்று நீல நிறத்தில் பிழை காட்டுகிறது. ஒருமுறை மெமரி மனேஜ்மென்ட் என்று வந்தது, ஒருமுறை பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா, இன்னொருமுறை கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர். எல்லாவற்றையும் தம்பி போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். சில நேரம் பவர் பட்டனை அமத்தினால் விசிறி சுற்றும், கேப்ஸ் லொக் விளக்கு மினுங்கும், திரை கறுப்பாகவே கிடக்கும். நாலைந்து தடவை நிறுத்திப் போட்டால் ஒரு தடவை வரும். பூட்டிய கடையில் தங்கள் பொருளில் பிழையில்லை என்றார்கள். வேறு கடைக்குக் கொண்டுபோனேன், அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை, மதர்போர்ட் போய்விட்டது, மாற்ற 38,000 ரூபா என்றார். அந்தக் காசு என்னிடம் இல்லை. கடைப்பெயர்களைக் கேட்காதீர்கள், எழுதமாட்டேன், எனக்குத் தேவை லப்டொப் சரியாவதுதான்.


ஓர்ஸ்ஹில் வாசி (வெள்ளி, இரவு 9.58)

இது வைரஸ். ஒன்றும் யோசிக்காமல் போர்மட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். என்னுடையதும் இப்படித்தான் இருந்தது, போர்மட் பண்ணினேன், அரை மணித்தியாலத்தில் சரி.


கிண்ணியா நானா (வெள்ளி, இரவு 10.15)

தம்பி, அவ எழுதினதை வடிவாக வாசியுங்கள். திரை கறுப்பாகக் கிடக்கும்போது விண்டோஸ் இன்னும் கண்ணே திறக்கவில்லை. பவர் அமத்தியவுடன் முதலில் ஓடுவது பயோஸ், அது ரேமைத் தேடிப் பார்த்து, சரி என்றால்தான் திரையில் கம்பனிப் படம் வரும், அதற்குப் பிறகுதான் விண்டோஸின் முறை. விளக்கு மினுங்கிக்கொண்டு திரை வராமல் நின்றால் அங்கே வைரஸுக்கு வேலையே இல்லை. போர்மட் பண்ணச் சொல்லி அவவின் ஆய்வறிக்கையை அழித்துவிடாதீர்கள்.

தங்கச்சி, முதலில் ஆய்வறிக்கையை ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள், இன்று இரவே. மெயிலிலும் ஒன்று அனுப்பி வையுங்கள். ரேம் பிழையாக இருக்கும்போது கொப்பி பண்ணுகிற ஃபைலும் பழுதாகலாம், ஆகவே பென்னில் போட்டதை வேறொரு கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள்.


பழைய சோல்டர் (வெள்ளி, இரவு 11.02)

38,000 க்கு அவசரப்படாதீர்கள். இருபது வருடமாக இந்தத் தொழில், இப்ப கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்து செய்கிறேன். மதர்போர்ட் போய்விட்டது என்பது, எனக்குப் பார்க்க நேரமில்லை என்பதற்கு எங்கள் தொழிலில் உள்ள இன்னொரு பெயர். நானும் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

கேப்ஸ் லொக் எத்தனை தடவை மினுங்கி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். சில கம்பனிகள் இந்த விளக்கை வைத்துத்தான் நோயைச் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு, மொடல் இலக்கத்துக்குரிய சேவைக் கையேட்டில் இருக்கும். பிறகு இரண்டு ரேம் கார்டிலும் ஒட்டியிருக்கிற வெள்ளைத் தாளில் உள்ள எழுத்து ஒன்று விடாமல் வேண்டும். படம் போட்டால் இன்னும் நல்லது.


உப்புவெளிக்காரி (வெள்ளி, இரவு 11.20)

நானா, பென்னில் ஏற்றிவிட்டேன், நடுவில் ஒருமுறை நீலத்திரை வந்து திரும்பவும் தொடங்கினேன். தம்பியின் போனிலும் ஒரு பிரதி இருக்கிறது, திறந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. அண்ணா, தாளைப் பார்க்க லப்டொப்பைக் கழற்ற வேண்டுமே? எனக்குக் கை நடுங்குகிறது.


கிண்ணியா நானா (வெள்ளி, இரவு 11.31)

நடுங்கத் தேவையில்லை, உங்களுடையது 2014, 15 காலத்து மொடல் போலத் தெரிகிறது, அந்தக் காலத்தில் அடியில் ஒரு மூடி வைத்து ரேமுக்கு மட்டும் தனிக் கதவு விட்டிருப்பார்கள், ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூ. இப்ப வருகிற மெல்லிய லப்டொப்களில் ரேமை போர்டோடு சேர்த்து சோல்டர் பண்ணிவிடுகிறார்கள், அவற்றில்தான் பயப்பட வேண்டும்.

சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் எடுங்கள். பிறகு பவர் பட்டனை இருபது விநாடி அமத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கி நிற்கிற மின்சாரம் போகட்டும். நைலோன் உடுப்போடு இருக்க வேண்டாம், தொடுவதற்கு முன் யன்னல் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ (இரும்புக் குழாய், பிளாஸ்டிக் அல்ல) கை வையுங்கள். ரேமின் இரண்டு பக்கமும் இருக்கிற கவ்விகளை வெளிப்பக்கம் தள்ளினால் கார்ட் தானாக மேலே எழும்பும், அந்தச் சரிவிலேயே இழுக்க வேண்டும். பொன்னிறப் பல்லில் விரல் படக்கூடாது.


டொரொண்டோ திருமலை (சனி, அதிகாலை 2.10)

பத்து வருடப் பழசுக்கு ஏன் இவ்வளவு பாடு? புதிதாக ஒன்று வாங்குங்கள்.


மூதூர் வாத்தியார் (சனி, காலை 6.45)

டொரொண்டோவில் இருந்துகொண்டு சொல்வது லேசு. இங்கே டொலர் ஏறியதிலிருந்து புதிய லப்டொப் என்பது ஒரு ஆசிரியருக்கு மாதக் கணக்கான சம்பளம். பழசைத் திருத்தத்தான் வேண்டும், வழியில்லை.


உப்புவெளிக்காரி (சனி, காலை 10.05)

கழற்றிவிட்டோம்! ஒரு ஸ்க்ரூதான் இருந்தது. தம்பிதான் செய்தான், நான் டோர்ச் பிடித்தேன். விளக்கு மூன்று தடவை மினுங்கி நிற்கிறது, பிறகு திரும்பவும் மூன்று. பழைய கார்டில் 4ஜிபி, பிசி3எல்-12800எஸ் என்று இருக்கிறது. புதிதாக வாங்கியதில் 8ஜிபி, பிசி3-12800எஸ். இரண்டும் ஒன்றுதானே? கடையிலும் 12800 க்கு 12800 பொருந்தும் என்றுதான் சொன்னார்கள்.


மூதூர் வாத்தியார் (சனி, காலை 10.22)

பிள்ளை, அந்த ஒரு "எல்" எழுத்தில்தான் கதை இருக்கிறது. பிசி3 என்பது சாதாரண டிடிஆர்3 வகை ரேம், அதற்கு 1.5 வோல்ட் வேண்டும். பிசி3எல் என்பது டிடிஆர்3எல், 1.35 வோல்ட்டில் ஓடும், எல் என்பது லோ, குறைந்த மின்னழுத்தம். இரண்டுக்கும் 204 கால்கள், வெட்டும் ஒரே இடத்தில், ஆகவே எந்தக் கார்டும் தடையில்லாமல் உள்ளே போய்விடும். டிடிஆர்4 என்றால் 260 கால், வெட்டும் வேறு இடம், பிழையாகப் பூட்டவே முடியாது. ஆனால் இந்த இரண்டுக்கும் அந்தக் காவல் இல்லை.

உங்கள் ப்ரொசெசர் சிப்பின் முழுப்பெயரைச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் ஐ5 என்று மட்டும்தான் இருக்கும், உள்ளே போய்ப் பாருங்கள்.


உப்புவெளிக்காரி (சனி, காலை 10.40)

ஐ5-4210யூ, சேர். புதிய கார்டைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் அது முந்தியிருந்த ஸ்லொட்டிலேயே வைத்துப் போட்டேன், இரண்டாம் தடவையில் வந்தது.


மூதூர் வாத்தியார் (சனி, காலை 10.58)

அப்படியானால் சந்தேகமே இல்லை. 4210யூ நான்காம் தலைமுறை, கடைசியில் யூ எழுத்து உள்ள வகை. கழற்றிப் பூட்டுகிற கார்டுகளில் அது டிடிஆர்3எல்லைத்தான் ஏற்கும் என்று இன்டெல் தன்னுடைய தளத்திலேயே போட்டிருக்கிறது, அதிகபட்சம் 16 ஜிபி. உங்கள் போர்ட் 1.35 வோல்ட்தான் கொடுக்கும். 1.5 கேட்கிற கார்டை அதில் வைத்திருக்கிறார்கள்.


ஓர்ஸ்ஹில் வாசி (சனி, காலை 11.10)

அப்படியென்றால் இரண்டு நாள் எப்படி ஓடியது? ஓடவே கூடாதே.


பழைய சோல்டர் (சனி, காலை 11.35)

நல்ல கேள்வி, போர்மட் என்று சொன்னதற்கு இது பரவாயில்லை. அரைவயிறு சாப்பிட்டவனை வேலைக்கு அனுப்பினால் காலையில் வேலை செய்வான், வெயில் ஏறத்தான் மயங்கி விழுவான். ரேம் சிப்பும் அப்படித்தான். 0.15 வோல்ட் குறைவு, குளிராக இருக்கும்போது எப்படியோ தாக்குப்பிடிக்கும், சூடேறினால் ஒரு பிட் அங்கே ஒரு பிட் இங்கே என்று மாறத் தொடங்கும். சில கார்டுகள் வருடக்கணக்கில் இப்படி ஓடுவதையும் கண்டிருக்கிறேன், சில பூட்டிய உடனேயே திரையைக் காட்டாது. இதனால்தான் கடைக்காரர்கள் "எங்களுடையதில் வேலை செய்ததே" என்கிறார்கள்.

ஆனால் தங்கச்சி ஒன்று எழுதியிருக்கிறா, பழையதை மட்டும் வைத்தும் *இரண்டாம் தடவையில்தான்* வந்தது என்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. புதிய கார்ட் மட்டும்தான் பிழை என்றால் அதைக் கழற்றியவுடன் முதல் தடவையிலேயே வர வேண்டும். மெம்டெஸ்ட்86 பிளஸ் இறக்குங்கள், ரேமைச் சோதிக்கிற மென்பொருள், இலவசம், பென்னில் ஏற்றி அதிலிருந்தே தொடங்க வேண்டும், விண்டோஸ் தேவையில்லை. புதிய பயோஸ்களில் செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு அமைப்பை நிறுத்த வேண்டி வரலாம். இரவு போட்டுவிட்டு நித்திரைக்குப் போங்கள். விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெமரிச் சோதனை இருக்கிறதுதான், அது அவசரத்துக்கு உதவும், ஆனால் அது சரி என்று சொன்ன கார்டில் மெம்டெஸ்ட் பிழை காட்டி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிழை என்று அது சொன்னால் நம்புங்கள், சரி என்றால் நம்பாதீர்கள்.


நிலாவெளிக் காற்று (சனி, பகல் 1.15)

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். நிலாவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வரவேற்பு மேசை லப்டொப்பும் சில நாள் வரும், சில நாள் வராது, வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் இன்னும் மோசம். கடலிலிருந்து நூறு மீற்றர்கூட இல்லை. இதுவும் ரேமா?


பழைய சோல்டர் (சனி, பகல் 1.50)

உங்களுடையதைப் பிறகு பார்ப்போம், ஆனால் நல்ல விஷயம் ஒன்றைக் கிளப்பினீர்கள். தங்கச்சியும் கடலோரத்து உப்புவெளி. லப்டொப்பை எங்கே வைத்துப் பாவிக்கிறீர்கள்?


உப்புவெளிக்காரி (சனி, பகல் 2.05)

யன்னலோரம் மேசையில்தான் அண்ணா. கடல் தெரியும். காற்று வரும் என்றுதான் அங்கே வைத்தேன், விசிறிச் சூடும் குறையும் என்று நினைத்தேன்.


உப்புவெளிக்காரி (ஞாயிறு, காலை 7.12)

பயந்துபோய் இருக்கிறேன். பழைய 4 ஜிபி கார்டை மட்டும் வைத்து இரவு மெம்டெஸ்ட் போட்டேன். காலையில் பார்த்தால் சிவப்பாக நிரம்பி வழிகிறது, பிழை எண்ணிக்கை 1,900 க்கு மேல். ஆறு வருடமாக வேலை செய்த கார்ட்! அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரியா? இரண்டு ரேமும் போய் போர்டும் போய்விட்டதா?


கிண்ணியா நானா (ஞாயிறு, காலை 7.40)

அழாதீர்கள் தங்கச்சி. அதே கார்டைக் கழற்றி மற்ற ஸ்லொட்டில் வைத்துத் திரும்பவும் ஓடவிடுங்கள், வேறு ஒன்றையும் மாற்ற வேண்டாம். பிழை கார்டோடு சேர்ந்து போகிறதா, இல்லை ஸ்லொட்டில் தங்கிவிடுகிறதா, அது ஒன்றுதான் இப்ப கேள்வி.

வைக்கும்போது கவனம், முப்பது பாகை அளவு சரிவாக உள்ளே தள்ளி, பொன்னிறப் பல் வெளியே தெரியாத அளவுக்குப் போன பிறகுதான் கீழே அமத்த வேண்டும், இரண்டு கவ்வியும் "டிக்" என்று பிடிக்கும். பாதிப் பேர் தள்ளாமலே அமத்திவிட்டு ரேம் பழுது என்கிறார்கள்.


உப்புவெளிக்காரி (ஞாயிறு, பின்னேரம் 4.30)

மற்ற ஸ்லொட்டில் ஆறு சுற்று முடிந்துவிட்டது. பிழை பூச்சியம். ஒன்றுகூட இல்லை. கோயிலில் தேங்காய் உடைக்கப் போகிறேன்.


பழைய சோல்டர் (ஞாயிறு, பின்னேரம் 5.05)

தேங்காயைக் கொஞ்சம் வைத்திருங்கள், இன்னும் தேவைப்படும். அப்படியானால் உங்கள் பழைய கார்ட் நல்லது, முதல் ஸ்லொட்டில்தான் கோளாறு. இனி போன் கமராவைப் பெரிதாக்கி, டோர்ச் அடித்து, அந்த ஸ்லொட்டின் பற்களைப் படம் எடுத்துப் போடுங்கள்.


உப்புவெளிக்காரி (ஞாயிறு, பின்னேரம் 5.50)

படம் போட்டிருக்கிறேன். வலது பக்கத்தில் ஐந்தாறு பல்லில் பச்சை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. கார்டின் பல்லிலும் அதே இடத்தில் மங்கலாக ஒரு கறை.


பழைய சோல்டர் (ஞாயிறு, இரவு 7.20)

அதுதான் எதிரி. பெரும்பாலும் திருமலைக் கடல்தான் உங்கள் லப்டொப்புக்குள் வந்திருக்கிறது. பல்லின் மேலே உள்ள பொன் மிக மெல்லிய பூச்சு, அடியில் நிக்கலும் செம்பும். கார்டைப் போட்டுப் போட்டு எடுக்கும்போது பொன்னில் கீறல் விழும், அந்தக் கீறலுக்குள் ஈரம் போனால் செம்பு பச்சையாகும். உப்பு இருக்கே, காற்றில் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். எங்கள் ஊரில் மாரி காலத்தில் பெரும்பாலும் அதற்கு மேல்தான், தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் காய்ந்துவிடும், இரவில் திரும்ப ஈரம். ஆறு வருடம் அசையாமல் இருந்தவரைக்கும் கார்டின் பல் ஸ்லொட்டின் பல்லைக் கவ்விக்கொண்டு எப்படியோ ஓடியது. கடையில் கழற்றிப் பூட்டியபோது அந்தப் பிடி கலைந்துவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் திறந்தவர் ஒருதரம் பார்த்திருக்கலாம்.

துடைப்பதற்கு ஐசோபுரோபைல் அல்ககோல் வேண்டும், 99 வீதம். போன் திருத்துகிற கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றித் தருவார்கள்.


ஓர்ஸ்ஹில் வாசி (ஞாயிறு, இரவு 7.31)

பார்மசியில் விற்கிற சேர்ஜிகல் ஸ்பிரிட் போதும், எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.


மூதூர் வாத்தியார் (ஞாயிறு, இரவு 7.50)

போதாது. பிரித்தானிய முறைப்படி செய்யும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் தோல் காயாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் கலப்பார்கள். உடம்புக்கு நல்லது, ஸ்லொட்டுக்குள் எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும். தின்னரும் வேண்டாம், பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.


கிண்ணியா நானா (ஞாயிறு, இரவு 8.05)

கார்டின் பல்லுக்குப் பென்சில் அழிக்கிற வெள்ளை அழிறப்பர் போதும், மெதுவாக, ஒரே திசையில். பேனை அழிக்கிற நீல அழிறப்பர் எடுக்காதீர்கள், அதில் மணல் மாதிரித் துகள் இருக்கும், பொன்னையே சுரண்டிவிடும். தூளை ஊதாதீர்கள், வாயில் எச்சில் இருக்கும், பிரஷால் தட்டுங்கள். பிறகு ஐபிஏ நனைத்த பஞ்சால் ஒரு துடை.

ஸ்லொட்டுக்கு அழிறப்பர் போகாது. மெல்லிய பிரஷை ஐபிஏயில் நனைத்துப் பல்லின் நீளப் பக்கமாகத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே கார்டை நாலைந்து தடவை செருகி எடுங்கள். அரை மணித்தியாலம் காயவிட்டு, அதற்குப் பிறகு மட்டும் பற்றரியைப் பூட்டுங்கள்.


பழைய சோல்டர் (ஞாயிறு, இரவு 8.20)

அழிறப்பரில் எனக்கு நானாவோடு உடன்பாடு அரைவாசிதான். அதிகம் தேய்த்தால் நல்ல பொன்னும் போய்விடும். முதலில் ஐபிஏ, கறை போகாவிட்டால் மட்டும் அழிறப்பர்.


கிண்ணியா நானா (ஞாயிறு, இரவு 8.26)

சரி அண்ணன், உங்கள் சொல்லே இருக்கட்டும், ஆனால் நான் பன்னிரண்டு வருடமாக அழிறப்பரால்தான் பிழைக்கிறேன்.


உப்புவெளிக்காரி (செவ்வாய், இரவு 10.15)

நேற்று ஐபிஏ கிடைத்தது, மத்திய வீதியில் ஒரு போன் திருத்துகிற அண்ணா காசு வாங்காமலே தந்தார். இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன், முதலில் ஐபிஏ, கறை கொஞ்சம் மிஞ்சியது, பிறகு அழிறப்பர் மெதுவாக. ஸ்லொட்டிலிருந்து பஞ்சில் பச்சை வந்தது, அருவருப்பாக இருந்தது. இரவு முழுக்க முதல் ஸ்லொட்டில் மெம்டெஸ்ட், பூச்சியம். காலையிலிருந்து பன்னிரண்டு தடவை நிறுத்திப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் வந்தது.

ஆனால் மெல்ல நகர்வது அப்படியே இருக்கிறது. அதோடு இன்று பின்னேரம் ஒரு நீலத்திரை, கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர். ரேம்தான் சரியாகிவிட்டதே?


பழைய சோல்டர் (செவ்வாய், இரவு 10.50)

என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாளே மூன்று நீலத்திரை எழுதியிருந்தீர்கள், முதல் இரண்டையும் ரேம் என்று பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இன்பேஜ் எரர் என்றால் விண்டோஸ் தனக்குத் தேவையான ஒரு துண்டை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்கப் போய், எடுக்க முடியாமல் நின்றது என்று அர்த்தம். ரேம் நிரம்பினால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்கில் ஒரு ஃபைலுக்குள் தள்ளி வைக்கும், 4 ஜிபி உள்ளவர்களுக்கு இது நாள் முழுக்க நடக்கும். டிஸ்க்கில் அந்த இடம் பழுதென்றால் வருவது இந்தத் திரை. கேபிள் தளர்ந்தாலும் வரும், ரேம் பிழையாலும் வரலாம், ஆனால் ரேமை இப்ப கழித்துவிட்டோம்.

டாஸ்க் மனேஜரில் டிஸ்க் எத்தனை வீதம் என்று பாருங்கள். டிஸ்க்கின் நலத்தைச் சொல்கிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை இறக்கி அது காட்டுவதையும் போடுங்கள்.


உப்புவெளிக்காரி (செவ்வாய், இரவு 11.25)

டிஸ்க் 100 வீதம், சும்மா இருக்கும்போதும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள், "கவனம்" என்கிற மாதிரிச் சொல். சி5 என்ற வரியில் 24 என்று இருக்கிறது.


மூதூர் வாத்தியார் (புதன், காலை 6.30)

சி5 என்பது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கிற இடங்களின் எண்ணிக்கை. டிஸ்க் அவற்றை வாசிக்கப் பார்க்கிறது, முடியவில்லை, திரும்பத் திரும்ப முயல்கிறது, அந்த நேரம் முழுக்க மற்ற வேலை எல்லாம் வரிசையில் நிற்கிறது. உங்கள் மௌஸ் நகராத காரணத்தில் பெரும்பங்கு இதுதான். ரேம் குறைவு என்று எல்லோரும் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, 4 ஜிபி இந்தக் காலத்துக்குக் காணாதுதான், ஆனால் ரேம் மட்டும் கூட்டியிருந்தால் இது மறைந்து நின்றிருக்கும்.

24 என்பது இன்று. நாளைக்கு 24 ஆகவே இருக்கலாம், 400 ஆகவும் போகலாம். டிஸ்க்கை ஸ்கேன் பண்ணித் திருத்துகிறேன் என்று ஒன்றும் ஓடவிடாதீர்கள், முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.


கிண்ணியா நானா (புதன், காலை 9.00)

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), 240 அல்லது 256 ஜிபி போதும். எம்.2 என்று நீட்டமாக ஒன்று தருவார்கள், உங்கள் மொடலுக்கு அது வேண்டாம். பழைய டிஸ்க்கை அப்படியே கொப்பி அடிக்கிற வேலைக்குப் போகாதீர்கள், பழுதான இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள், ஃபைல்களை மட்டும் ஏற்றுங்கள். இப்ப ஓர்ஸ்ஹில் தம்பி சந்தோசப்படலாம், கடைசியில் போர்மட் வந்துவிட்டது.


ஓர்ஸ்ஹில் வாசி (புதன், காலை 9.12)

நான் முதலே சொன்னேனே :)

ஆனால் ஒரு உண்மையான கேள்வி, விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இந்த நான்காம் தலைமுறைக்கு அதிகாரபூர்வமாகக் கிடையாது, எட்டாம் தலைமுறை வேண்டும். புதிதாகப் போடுவதென்றால் எதைப் போடுவது?


மூதூர் வாத்தியார் (புதன், காலை 9.45)

ஆய்வறிக்கை ஒப்படைக்கும் வரைக்கும் பழகிய விண்டோஸ் 10 தான், மூன்று கிழமைக்குள் புதிதாக ஒன்றைப் பழகச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இதைவிடப் பழசுகளில் ஓடுகிறது. தமிழ் எழுத தமிழ்99 தட்டச்சோ ஒலிபெயர்ப்போ எதுவும் அதில் வரும்.


உப்புவெளிக்காரி (சனி, இரவு 8.40)

எஸ்எஸ்டி போட்டாகிவிட்டது. அம்மாவின் சீட்டுக் காசில் கடன். அரை நிமிடத்துக்குள் திறக்கிறது, தம்பி மூன்று தடவை நிறுத்திப் போட்டுப் பார்க்கிறான், எனக்கு எரிச்சல். பிசி3எல் 4 ஜிபி ஒன்றும் வாங்கிச் சேர்த்தேன், இந்த முறை தாளில் எல் இருக்கிறதா என்று கடையிலேயே டோர்ச் அடித்துப் பார்த்தேன், கடைக்காரர் சிரித்தார். வீட்டுக்கு வந்து மெம்டெஸ்ட், நாலு சுற்று, பிழை இல்லை. மொத்தச் செலவு அந்த 38,000 இல் பாதிகூட வரவில்லை. யன்னலோர மேசையை உள்ளறைக்கு மாற்றிவிட்டேன், பாவிக்காத நேரம் பையில், பையில் சிலிக்கா ஜெல் பைக்கற் இரண்டு.

அந்த 8 ஜிபி பிசி3 கார்டைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்களாம். அதை என்ன செய்வது? டெஸ்க்டொப்பில் போடலாமா?


கிண்ணியா நானா (சனி, இரவு 8.55)

டெஸ்க்டொப்புக்கு வராது, டெஸ்க்டொப் கார்ட் இதைவிட நீளம். இரண்டாம் தலைமுறை லப்டொப் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், அது 1.5 வோல்ட்தான் கேட்கும், அங்கே ராசாவாக ஓடும்.


நிலாவெளிக் காற்று (சனி, இரவு 9.10)

கை தூக்குகிறேன். எங்களுடையது ஐ5-2430எம், இன்று கழற்றிப் பார்த்தேன், 2 ஜிபி பிசி3 ஒன்றுதான் இருக்கிறது, பல்லெல்லாம் பச்சை. ஐபிஏ போட்டுத் துடைத்தேன், இப்ப ஒவ்வொரு நாளும் வருகிறது. அந்த 8 ஜிபியை நானே எடுக்கிறேன், நீங்கள் கொடுத்த விலையில் பாதி தருகிறேன்.


உப்புவெளிக்காரி (சனி, இரவு 9.14)

முக்கால்வாசி தாருங்கள், படிக்கிற பிள்ளை.


நிலாவெளிக் காற்று (சனி, இரவு 9.20)

சரி, முக்கால்வாசி. ஆனால் மெம்டெஸ்ட் போட்டுப் பார்த்த பிறகுதான் காசு. திங்கள் பின்னேரம் கம்பஸ் வாசலுக்கு வருகிறேன், லப்டொப்பையும் பென்னையும் கொண்டுவருகிறேன், நீங்கள் கார்டைப் பிளாஸ்டிக் பையில் இல்லாமல் அது வந்த வெள்ளிநிறப் பையில் கொண்டுவாருங்கள்.